பெட்டி கோடவுனிலா, கப்பலிலா: இறக்குமதி வரிக் காலத்தில் எங்கள் சமையலறை வேலை

கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் வீட்டின் சமையலறை ரொம்பப் பழசு. அதைப் பிரித்துப் புதிதாகச் செய்யலாம் என்று 2025 கோடையில் முடிவெடுத்தோம். அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு இறக்குமதி வரி என்பது மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருந்தது. ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் மார்ச் 12 முதல் 25 சதவீதம், ஜூன் 4 முதல் அதுவே 50. ஜூன் 23-ல் ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின், அடுப்பு, ஓவன் ஆகியவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். சிங்க்குக்கு அடியில் மாட்டும் கழிவு அரைக்கும் மெஷின்கூட அதில் இருந்தது. ஆகஸ்ட் 1-ல் செம்புக் குழாய், ஒயர் வகைகளுக்கு 50 சதவீதம். ஆகஸ்ட் 27-ல் இந்தியாவிலிருந்து வரும் பெரும்பாலான பொருள்களுக்கு மொத்தம் 50 சதவீதம். அக்டோபர் 14-ல் மரப்பலகைக்கு 10 சதவீதம், கிச்சன் கேபினட்டுக்கும் குளியலறை வேனிட்டிக்கும் (வாஷ்பேசின் பொருத்தும் அலமாரி) 25 சதவீதம்.

வேலை நடந்த மாதங்களில் இதே திட்டத்தோடு இருக்கும் பலர் எங்களிடம் வந்து விசாரித்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பர்சென்ட் கூடிச்சு?" அதைக் கேட்டுப் பெரிய பலனில்லை என்பதுதான் நான் கண்டது. எதைக் கேட்க வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சரக்குக் கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், என் கணவருக்குப் பல வருஷப் பழக்கம். நான் நோட்டுப் புத்தகத்தில் சதவீதக் கணக்குப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பர்சென்ட்டை விடு. நீ வாங்கப்போற பெட்டி இன்னிக்கு எங்க இருக்குன்னு கடைக்காரரைக் கேளு. கோடவுன்லயா, கப்பல்லயா, இல்ல இன்னும் மரமாவே நிக்குதா?" என்றார். அதன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

காரணம் எளிது. சரக்கு துறைமுகத்தில் இறங்கி, சுங்கத்தில் கணக்குக் காட்டி உள்ளே வருகிற அன்று என்ன விகிதமோ அதுதான் வரி. அதைக் கட்டுவது இறக்குமதி செய்கிறவர். ஓக்லண்ட் பக்கத்துக் கோடவுனில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும் பெட்டிக்குப் புதிய வரி கிடையாது. கடலில் வந்துகொண்டிருக்கும் பெட்டி விஷயம் ஒவ்வொரு உத்தரவையும் பொறுத்தது. இந்தியச் சரக்கு மீதான கூடுதல் வரியில் ஒரு சலுகை இருந்தது. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் சுங்கத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் கூடுதல் 25 சதவீதம் இல்லை. கேபினட் வரிக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. அக்டோபர் 14-க்கு முந்தின நாள் கப்பல் நடுக்கடலில் இருந்திருந்தாலும், உள்ளே வந்த நாளின் விகிதத்தைத்தான் கட்டியாக வேண்டும்.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது, வரி எந்தத் தொகை மீது என்பது. கடையில் நமக்குச் சொல்லும் விலை மீது வரி போடுவதில்லை. வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து இறக்குமதியாளர் வாங்கிய விலை மீதுதான். ஒரு கணக்குக்கு, கடையில் 12,000 டாலர் சொல்லும் கேபினட் செட்டை இறக்குமதியாளர் 5,000 டாலருக்கு வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். 25 சதவீத வரி 1,250 டாலர். கடை விலையில் அது பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆனால் நாங்கள் வாங்கிய விலைப்பட்டியல் ஒன்றில் "டாரிஃப் சர்சார்ஜ் 25%", அதாவது இறக்குமதி வரிக்கான கூடுதல் கட்டணம், என்று தனியாக ஒரு தொகை இருந்தது. அது மொத்தத் தொகை மீது போட்டது. இதே உதாரணத்தில் சொன்னால் 3,000 டாலர். எந்தத் தொகை மீது இது, சப்ளையர் அனுப்பிய விலை மாற்றக் கடிதத்தைக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டோம். காட்டவில்லை, ஆனால் அந்தத் தொகை பாதியாகக் குறைந்தது. கேட்காமல் விட்டிருந்தால் நாங்கள் அரசுக்குப் போகாத பணத்தை வரி என்று நினைத்துக் கட்டியிருப்போம்.

கேபினட்டை அக்டோபருக்கு முன்பே வாங்கிவிட்டோம். அங்கேயும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடவுனில் இருக்கும் பழைய சரக்குக்குப் புது வரி இல்லை என்பதால் பழைய விலைக்கே தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். விற்ற இடத்தை நிரப்ப அடுத்த கன்டெய்னரைக் கூடுதல் பணம் கொடுத்து எடுக்க வேண்டும் என்பதால், வியாபாரி இருக்கும் சரக்கின் விலையையும் முன்கூட்டியே ஏற்றுவார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆகவே "ஸ்டாக்கில் இருக்கிறதா" என்பதோடு "இந்த விலை எந்தத் தேதி வரை" என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு மாதம் செல்லுபடியாகும் என்று கொடுத்த விலைப்பட்டியலை, அந்தக் கோடையில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று சுருக்கித்தான் கொடுத்தார்கள்.

எங்கள் கேபினட் வியட்நாமில் செய்தது. சீனக் கேபினட்டுகள் மீது 2020 முதலே தனியாகக் குவிப்பு எதிர்ப்பு வரி (நியாய விலைக்கும் குறைவாகக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கப் போடுவது) இருக்கிறது, அதற்குப் பிறகு சந்தையில் வியட்நாம், மலேசியா சரக்கு பெருகிவிட்டது. உள்நாட்டில் செய்ததையே வாங்கினால் என்ன என்று பார்த்தோம். எனக்கு அந்த எண்ணம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இங்கே செய்யும் கேபினட்டிலும் பிளைவுட், கீல், டிராயர் தண்டவாளம் எனப் பலதும் வெளியிலிருந்து வருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்நாட்டுப் பட்டறைகளுக்குப் போனதால் காத்திருப்பும் நீண்டுவிட்டது. அவசரமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி.

பெட்டிகள் வந்து கராஜில் இறங்கிய அன்று நானும் என் கணவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். இதைத் தவிர்க்கவே கூடாது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அளவும் மாடல் எண்ணும் எழுதிய லேபிள் இருக்கும். அதை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும், பிறகு கதவின் நான்கு மூலைகளையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். எங்கள் சிங்க் கேபினட்டின் ஒரு கதவு மூலையில் நசுங்கியிருந்தது. வேறு பெட்டியின் பின்பலகையில் விரிசல். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். பின்பலகை சீக்கிரம் வந்துவிட்டது. அந்த நிறத்தில் அந்த அளவுக் கதவு மட்டும் கோடவுனில் இல்லை, அடுத்த கன்டெய்னரில்தான் வரும் என்றார். கோடையில் அவசரமாகச் சரக்கு எடுத்த இறக்குமதியாளர்கள் வரி ஏறிய பிறகு கன்டெய்னர் போடுவதைத் தள்ளிவைத்ததில், ஒரே ஒரு கதவு மாதக்கணக்கில் இழுத்தது. வேலை முடிந்த சமையலறையில் சிங்க்குக்கு அடியில் ஒரு பக்கம் நசுங்கிய கதவோடுதான் பொங்கல் வைத்தோம்.

அதனால் கேபினட் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: இடைவெளியை அடைக்கும் ஃபில்லர் பட்டை, அடிப்பட்டை, பக்கவாட்டுப் பலகை இவற்றில் ஒவ்வொன்று கூடுதலாக முதல் ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் புது விலை, சில சமயம் அந்த நிறமே இருக்காது. வரி ஏறும்போது இறக்குமதியாளர்கள் விலையை மட்டும் ஏற்றுவதில்லை. ஓடாத நிறங்களையும் வகைகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். டைலுக்கும் இதேதான். நாங்கள் தேவைக்கு மேல் 15 சதவீதம் வாங்கி, எல்லாப் பெட்டியிலும் ஒரே லாட் எண், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண், இருக்கிறதா என்று பார்த்தோம். மீந்த டைலைக் கராஜ் பரணில் வைத்திருக்கிறோம்.

இனி ஒப்பந்தம். பணம் கரைவது கடையில் என்பதைவிட இந்தக் காகிதத்தில்தான் அதிகம்.

கலிபோர்னியாவில் வீட்டு வேலைக்கு கான்ட்ராக்டர் வாங்கக்கூடிய முன்பணம் மொத்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான். அதன் பிறகும் நடந்த வேலைக்கும் வந்து இறங்கிய பொருளுக்கும் மேலாகப் பணம் கேட்கக்கூடாது. வீட்டுக்காரரைக் காப்பாற்றும் நல்ல சட்டம் அது. ஆனால் வரி ஏறும் காலத்தில் "இப்பவே மெட்டீரியல் வாங்கி விலையைப் பூட்டிடலாம், அம்பது பர்சென்ட் குடுங்க" என்ற பேச்சு எல்லாப் பக்கமும் கேட்கிறது. எங்களிடம் முதலில் வந்த கான்ட்ராக்டர் அப்படித்தான் கேட்டார். நாங்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. விலையைப் பூட்ட வேறு வழி இருக்கிறது: பெரிய பொருள்களை நாமே நேரடியாகக் கடையில் நம் பெயரில், நம் கிரெடிட் கார்டில் வாங்கிவிடலாம். கேபினட், மேடைக்கான கல் ஸ்லாப், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் அப்படித்தான் வாங்கினோம். கான்ட்ராக்டருக்கு அதில் கிடைக்கும் லாபம் போகிறது என்பதால் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்டார், ஒப்புக்கொண்டோம். இதில் உள்ள பாரம் என்னவென்றால், அளவு தப்பினாலும் பொருள் உடைந்து வந்தாலும் பொறுப்பு நமக்கு. அதனால் ஆர்டர் போடும் முன் கான்ட்ராக்டரை வரவழைத்து அளவெடுக்க வைத்து, வரைபடத்தில் அவருடைய கையெழுத்தையும் வாங்கினோம்.

அவர் வாங்க வேண்டிய சாமான்களுக்கு ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை உட்கார்ந்து பேசினோம். ஒன்று அலவன்ஸ். "டைலுக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு" என்று உத்தேசமாக ஒரு தொகை எழுதியிருப்பார்கள். அதற்கு மேல் போனால் நம் தலையில். ஒப்பந்தத் தொகை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்தத் தொகைகளைக் குறைத்து எழுதும் பழக்கம் உண்டு. நாங்கள் கடைக்குப் போய் நமக்கு வேண்டிய குழாயையும் விளக்கையும் இன்றைய விலையில் பார்த்துவிட்டு வந்து, அந்தத் தொகையையே அலவன்ஸில் எழுதச் சொன்னோம். மொத்தத் தொகை கண்ணுக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் அது நிஜமான தொகை. மூன்று பேரின் கொட்டேஷனை ஒப்பிடும்போது அலவன்ஸ் எவ்வளவு என்பதைத் தனியாக எடுத்துப் பார்க்காவிட்டால், ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

இரண்டாவது, விலையேற்ற ஷரத்து. "இறக்குமதி வரி காரணமாகப் பொருள் விலை உயர்ந்தால் வாடிக்கையாளர் ஏற்க வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தது. அதை அப்படியே நீக்கச் சொல்வது அவருக்கும் அநியாயம். அவர் கையில் இல்லாத ஒன்றுக்கு அவர் நஷ்டப்பட முடியாது. பேசி இப்படி மாற்றினோம்: சப்ளையரின் பழைய விலையும் புதிய விலையும் காட்ட வேண்டும். வித்தியாசத்தை மட்டும்தான் கூட்டலாம், அதன் மேல் லாபம் வைக்கக்கூடாது. ஒரு எல்லைக்கு மேல் போனால் மாற்றுப் பொருள் தேர்ந்தெடுக்க எங்களுக்கு உரிமை உண்டு. விலை இறங்கினால் அதையும் கழிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையெழுத்திட்ட சேஞ்ச் ஆர்டர் (மாற்றத்தை எழுதிய தாள்) வேண்டும், வாய்மொழி கிடையாது. முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டவரைத்தான் வேலைக்கு வைத்தோம், கடைசி வரை அவரும் சொன்ன சொல் தவறவில்லை.

பழைய சமையலறையில் எப்போது கை வைப்பது என்பதுதான் நேரக் கணக்கில் முக்கியம். கான்ட்ராக்டருக்குத் தேதி கிடைத்ததும் உடைக்க ஆரம்பிக்கத் தோன்றும். நாங்கள் கேபினட் முழுவதும் கராஜில் இருந்து, பிரித்துச் சரிபார்த்து, அடுப்பும் சிங்க்கும் வந்த பிறகுதான் உடைக்க விட்டோம். வரவேண்டிய ஒரு பொருள் கடலில் இருந்தால் அதன் மீது நமக்கு எந்தப் பிடியும் இல்லை, வேலையாள் வேறு வீட்டுக்குப் போய்விட்டால் திரும்பக் கிடைப்பதும் கஷ்டம். தோசைக்கல்லைக் குளியலறை மேடையில் வைத்துக் குழந்தைகளுக்குச் சமைப்பது இரண்டு வாரத்துக்குத் தாங்கும், இரண்டு மாதத்துக்குத் தாங்காது.

கிரானைட் பற்றி ஆசையாகவே எழுதலாம். நாங்கள் எடுத்தது பிளாக் கேலக்ஸி, ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் வெட்டியெடுக்கும் கல். கறுப்பில் பொன் துகள் சிதறியது போல இருக்கும், வெளிச்சம் விழும் கோணத்துக்குக் கோணம் வேறு. ஆகஸ்ட் கடைசியில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் என்றதும் ஸ்லாப் விற்கும் யார்டுக்குப் போனோம். ஸ்லாபின் விளிம்பில், அது எந்தப் பாறைக் கட்டியிலிருந்து அறுத்தது என்ற எண் ஒட்டியிருக்கும். அதை வைத்து, எது எப்போது வந்து இறங்கியது என்று அவர்களால் சொல்ல முடியும். கோடைக்கு முன்பே வந்த இரண்டு ஸ்லாபைக் காட்டினார்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்து, கோடு, கறை ஏதும் இல்லை என்று பார்த்து, எங்கள் பெயர் எழுதி ஒதுக்கி வைத்தோம். கல்லை அளவெடுத்து வெட்டுவது கீழ்க் கேபினட் மாட்டிய பிறகுதான் முடியும், ஆனால் கல்லை முன்பே வாங்கி நிறுத்த எந்தத் தடையும் இல்லை. இதில் இன்னொன்று கவனித்தேன். கல் மேடையின் மொத்தச் செலவில் வெட்டுக்கூலி, விளிம்புத் தேய்ப்பு, சிங்க் துளை, பொருத்துக் கூலி என உள்ளூர் வேலை பெரும் பங்கு. கல்லின் விலை ஏறினாலும் மேடையின் விலை அந்த வேகத்தில் ஏறாது. சின்ன இடத்துக்கு முழு ஸ்லாப் வாங்காமல், வெட்டுபவரிடம் மீந்து கிடக்கும் துண்டுகளைக் கேட்டால் வரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடுப்பு, ஃப்ரிட்ஜ் விஷயத்தில் அந்த 50 சதவீத வரி 2025-ல் அவற்றில் உள்ள ஸ்டீலின் மதிப்பு மீதுதான் இருந்தது. கடைகளில் விலை மாடலுக்கு மாடல் தாறுமாறாக இருந்தது, தள்ளுபடிக் காலத்தில் சிலது குறைந்தும் வந்தது. எப்படியும் கேபினட் வரைபடத்துக்கு இவற்றின் சரியான அளவு தேவை என்பதால் முதலில் இவற்றைத் தேர்ந்தெடுப்பதே முறை. ஒரு எச்சரிக்கை: முன்கூட்டி வாங்கிக் கராஜில் வைத்தால், திருப்பித் தரும் கெடு பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். வந்த அன்றே பிரித்துப் பாருங்கள், வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள்.

செம்பு எங்களைப் பெரிதாகத் தொடவில்லை. தண்ணீருக்குப் பிளாஸ்டிக் பெக்ஸ் குழாய் போட்டார்கள், ஒயர் மட்டும் கூடியது. பலகையும் அப்படித்தான், ஒரு சமையலறைக்கு அது அதிகம் தேவையில்லை. ஆனால் வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்கள், பெற்றோருக்காகப் பின்கட்டில் தனி வீடு எழுப்புகிறவர்கள் பலகை விலையை விடாமல் பார்க்க வேண்டும். கனடாப் பலகைக்கு ஏற்கெனவே இருந்த சுமார் 35 சதவீதத்தோடு அக்டோபரில் இன்னும் 10 சேர்ந்துவிட்டது.

வெளிநாட்டு இணையக் கடைகளில் கைப்பிடி, குமிழ் வாங்கி மிச்சம் பிடிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. 800 டாலருக்குள் இருந்தால் வரியில்லை என்ற சலுகை சீனச் சரக்குக்கு 2025 மே 2-லும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29-லும் போனது. எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் பித்தளைக் கைப்பிடிகள் வரவழைத்தார். பொருளுக்குப் பணம் கட்டியது தனி, வாசலில் வரியும் கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் தனி. உள்ளூர்க் கடையிலேயே மலிவாகக் கிடைத்திருக்கும்.

ஆண்டுக் கடைசியில் எல்லாக் கடையிலும் ஒரே பேச்சு: ஜனவரி 1-லிருந்து கேபினட், வேனிட்டி வரி 25-லிருந்து 50 ஆகிறது, இப்போதே எழுதுங்கள் என்று. அரசு உத்தரவிலேயே அப்படித்தான் இருந்தது, அவர்கள் பொய் சொல்லவில்லை. வரைபடம் முடியாமல், அளவு சரிபார்க்காமல், அந்தப் பயத்தில் முன்பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். டிசம்பர் 31 அன்று அந்த ஏற்றத்தை ஓராண்டு தள்ளி 2027 ஜனவரி 1 என்று மாற்றிவிட்டார்கள். பயந்து முன்பணம் கட்டியவர்களில் ஒருவர் அளவு மாறிப்போய் மறு ஆர்டர் போட்டதில், வரியில் மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட அதிகமாகவே செலவழித்தார். வரைபடம் தயாராக இருந்தால் தேதியைப் பார்த்து முந்திக்கொள்வது புத்திசாலித்தனம். தயாராக இல்லாதவர்கள் தேதிக்காக ஓட வேண்டியதில்லை.

2026 ஜனவரியில் இதை எழுதும்போது எங்களுக்கு இன்னும் ஒரு குளியலறை பாக்கி. வேனிட்டிக்கும் இதே 25 சதவீதம்தான், அடுத்த ஆண்டு 50 ஆகலாம், அதற்குள் இன்னொரு உத்தரவும் வரலாம். கோடைக்குள் அளவும் வரைபடமும் முடித்துவிடுவது என்று வைத்திருக்கிறோம். மேலே போடும் கல்லுக்கு, எங்கள் சமையலறை வெட்டில் மீந்த பிளாக் கேலக்ஸித் துண்டை யார்டுக்காரர் பெயர் எழுதி வைத்திருக்கிறார். வேனிட்டியை மட்டும் கோடவுனில் இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.